மூடாமல் கிடக்கும் போர் குழி (ஆழ்துளைக் கிணறு): உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

புதுகை அம்மா

போன மே லீவில் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தாச்சு. என் பையனைக் காணோம். நாலு வயசு. கூப்பிட்டால் "ம்" என்று சத்தம் மட்டும் வருகிறது. போய்ப் பார்த்தால் கடலைக்காட்டு வரப்போரம் குப்புறப் படுத்திருக்கிறான். பக்கத்தில் ஒரு உரச்சாக்கு. சாக்கு மேல் இருந்த கல்லை அவனே உருட்டித் தள்ளியிருக்கிறான். முகம் குழிக்குள்ளே. ஒரு சின்னக் கல்லைப் போட்டுவிட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுகிறான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "டம்முனு கேட்டுச்சாம்மா?" என்று சிரிக்கிறான்.

கத்தினால் பயந்துவிடுவான். "அசையாதடா கண்ணு, அடுத்த கல்லுக்கு அம்மாவும் சேர்ந்து எண்ணுறேன்" என்று சொல்லிக்கொண்டே போய்க் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு.

சித்தப்பா சொன்னது: "ஆறு வருசமா அது அப்படித்தாம்மா கிடக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

நான் பதில் பேசவில்லை. அப்பா போன பிறகு என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர். டீ குடித்துவிட்டு, என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கடலை பறிக்க வருகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை அந்த வரப்பில்தான் உட்கார வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வந்துவிட்டேன்.

ரிக் திருச்செங்கோடு

அக்கா, நான் போர் வண்டியில 11 வருசம் ஓடினவன். அந்தக் குழி எப்படி அப்படி ஆகுதுன்னு சொல்றேன்.

மேல மண்ணு இருக்கிற வரைக்கும் அகலமா ஓட்டி, மண்ணு சரியாம இருக்க கேசிங் பைப் இறக்குவோம். பாறை தொட்டதும் ஆறரை இஞ்ச்தான். தண்ணி வந்தா கேசிங் உள்ளேயே நிக்கும், மோட்டார் இறங்கும், மூடி போட்டுருவாங்க. தண்ணி வரலைன்னா, ஏற்கெனவே அடிக்கு இவ்வளவுன்னு பணம் போயாச்சு, கேசிங்கையாவது உருவிக் கொடுங்கப்பான்னு கேப்பாங்க. உருவிருவோம். அப்புறம் மழை பேஞ்சு வாய் சரியும். மேல அகலம், கீழ குறுகல். பிள்ளைங்க உள்ள போய் நடுவுல மாட்டறது இதனாலதான்.

ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். 640 அடி ஓட்டியும் புகை மாதிரி மண்தூள்தான் வந்துச்சு. அந்த வீட்டுப் பெரியவர் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. ஏழு வயசு இருக்கும் ஒரு பாப்பா, பாவாடையெல்லாம் வெள்ளையாத் தூள் படிஞ்சு, எங்களுக்கு டார்ச் அடிச்சுக்கிட்டே நின்னுச்சு. கேசிங்கை உருவி வண்டியில ஏத்தற வரைக்கும் அது குழியைப் பார்த்துத்தான் வெளிச்சம் காட்டுச்சு. "தண்ணி நாளைக்கு வருமாண்ணா?"ன்னு கேட்டுச்சு. ஈரச்சாக்கை மேல போட்டுட்டு அடுத்த பாயிண்டுக்குப் போயிட்டோம். விடியறதுக்குள்ள அங்க போகணும்.

அந்தச் சாக்கைப் போட்டது நான்தான். ஒவ்வொரு தடவை டிவியில இந்தச் செய்தி வரும்போதும், எந்த ஊருன்னு பார்த்துட்டுத்தான் சோத்துல கை வெப்பேன்.

நேர்கொண்ட பார்வை 72

வருத்தமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் பதிவு போட்ட சகோதரிக்கு ஒரு கேள்வி. நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் எதற்கு? எங்கள் அம்மா ஐந்து பேரை வளர்த்தார். வீட்டுக்குப் பின்னால் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருந்தது. ஒரு நாள் என் தம்பி விளிம்பு வரை போய்விட்டான். அம்மா அடித்த அடியில் அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. முதல் பொறுப்பு பெற்றவர்களுக்குத்தான். ஊரையும் அரசையும் குறை சொல்வது அப்புறம்.

மணப்பாறை மண்

72 ஐயா, உங்கள் அம்மா தம்பியைப் பிடித்தது நல்லது. ஆனால் அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாமல் விட்டவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. அடி வாங்கியது பிள்ளைகள் மட்டும்தான்.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ரெண்டு வயசுக் குழந்தை போர் குழியில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. எங்கள் ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். சனிக்கிழமை நானும் போய்க் கூட்டத்தோடு நின்றேன். முதலில் 26 அடியில் இருந்தது என்றார்கள், அப்புறம் இன்னும் கீழே போய்விட்டது என்றார்கள். பக்கத்தில் குழி தோண்டப் பெரிய மிஷின் வந்தது. பாறை விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கப் பை வேண்டும் என்றதும் பெற்ற தாயே உட்கார்ந்து துணிப்பை தைத்துக் கொடுத்தார். 29ஆம் தேதி விடியற்காலையில் உடலைத்தான் எடுத்தார்கள்.

எனக்குள் இன்றும் குடைவது வேறு. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார்: "எங்க ஊர்ல இந்த மாதிரி ரெண்டு கிடக்கு." அவர், "எங்க பக்கம் மூணு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியே ஒண்ணு" என்கிறார். என் காதுக்கு எட்டிய தூரத்துக்குள் மட்டும் எட்டுக் குழி தேறியது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். ஆனால், "வாங்கய்யா, இப்பவே போய் அதை மூடிட்டு வருவோம்" என்று ஒருவரும் கிளம்பவில்லை. நானும்தான். எங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்ததை ஐந்தாம் நாள்தான் மூடினேன். அதுவும் வி.ஏ.ஓ. கணக்கெடுக்க வருகிறார் என்று தெரிந்த பிறகு.

அந்த நாட்களில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இந்த மீட்பை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய ரெண்டு வயசுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்துபோனது. உடனே அந்தப் பெற்றோரையும் ஏசினார்கள். பெற்றவர் கண் ஒரு நிமிஷம் அசரத்தான் செய்யும் ஐயா. அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளை சாகாமல் இருப்பதற்குத்தானே மூடி, வேலி, சுவர் எல்லாம்?

காவிரிக்கரை ராஜி

போர் மட்டுமா? கும்பகோணம் தீ விபத்து நடந்தபோது நான் ஆறாம் வகுப்பு, வேறொரு ஊரில், இதே தஞ்சை மாவட்டம். 2004 ஜூலை 16. 94 பிள்ளைகள். சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது.

எங்கள் வகுப்பும் கீற்றுக் கொட்டகைதான். அதற்கு முந்தின வருஷம் என் அப்பா உட்பட நாலு பேர் ஓடு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பணமில்லை, அனுமதியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில். கும்பகோணத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் ஆட்கள் வந்து கீற்று முழுவதையும் பிரித்துப் போட்டார்கள். மூங்கில் கழிகள் மட்டும் நின்றன. நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது பேர் வந்ததும் நிறுத்திவிட்டார். நாங்கள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லச் சொல்ல அழுதார். ஏன் அழுகிறார் என்று அப்போது புரியவில்லை. இப்போது நான் ஆசிரியை. 38 பேர் கொண்ட வகுப்பு. பேர் கூப்பிடும்போது சில நாள் எனக்கும் தொண்டை அடைக்கிறது.

ஒரு வாரத்தில் முடிகிற வேலைதான் அது. அதற்கு 94 பேர் போக வேண்டியிருந்தது.

ஓய்வு பொறியாளர்

நானும் ஒரு முறை பார்த்திருக்கிறேன். தர்மபுரி பக்கம் களப்பணியில், ஆட்டுக்குட்டி விழுந்த குழி. இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்தது. அது இருக்கட்டும். இங்கே எல்லோரும் மனவேதனையைச் சொல்கிறீர்கள், செய்ய வேண்டியதை யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரி 11 அன்றே வழிமுறை கொடுத்துவிட்டது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே நில உரிமையாளர் ஆட்சியருக்கோ ஊராட்சிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வண்டிக்காரர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது முள்வேலியும், உரிமையாளர், வண்டிக்காரர் முகவரியோடு பலகையும் வேண்டும். கேசிங்கைச் சுற்றி 0.50 மீட்டர் நீள அகலத்தில் சிமெண்ட் மேடை, தரைக்கு மேல் 0.30, தரைக்குக் கீழ் 0.30 மீட்டர். வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், இல்லை போல்ட் போட்ட கெட்டியான மூடி வேண்டும். கைவிட்ட போர் என்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், சரளை கொண்டு நிரப்ப வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற போரில் மோட்டார் காயில் போய்விட்டால் மேலே தூக்கி ரீவைண்டிங்குக்கு அனுப்புவார்கள். திரும்பி வரப் பத்து நாள்கூட ஆகும். அந்தப் பத்து நாளும் வாய் திறந்தே கிடக்கும். மோட்டாரை எடுத்த கையோடு மூடியை முறுக்கிவிட்டுத்தான் மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

மண்ணுக்கு எவ்வளவு ஆகும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை இஞ்ச் விட்டம், 600 அடி ஆழம் என்றால் சுமார் 140 கன அடி. அதாவது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). மேல்வாய் சரிந்து அகன்றிருந்தாலும் ரெண்டு டிராக்டர் லோடு போதும். பெரிய கற்களை முதலில் போடாதீர்கள், நடுவில் சிக்கிக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். நிரம்பிவிட்டது என்று நம்பிப் போவீர்கள், ஒரு மழைக்குப் பிறகு திடீரென்று இறங்கும். பொடி மண்ணாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சாக்கு, தகரம், பனையோலை, முள், இவையெல்லாம் மூடி ஆகாது. சொல்லப்போனால் திறந்து கிடப்பதைவிட ஆபத்து, ஏனென்றால் குழி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

உரிமையாளர் கேட்கவில்லை என்றால் ஊராட்சித் தலைவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் புல எண்ணோடு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

நேர்கொண்ட பார்வை 72

மணப்பாறைக்காரருக்கு. அந்தக் கிணறு எங்கள் அப்பாவுடையது. சுவர் கட்டாமல் விட்டவர் அவர்தான். நீங்கள் கேட்ட பிறகு யோசித்துப் பார்த்தேன், அம்மா அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சுவர் கடைசிவரை வரவில்லை. பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சகோதரியிடம் கேட்ட விதம் தவறு. மன்னிக்கவும்.

கொங்கு மருமகள்

பெரியவரு சொன்ன ரீவைண்டிங் விஷயம் நூத்துக்கு நூறு நிஜமுங்க. எங்கூட்டுல மோட்டார் தூக்கினப்போ மாமியார் ஆட்டுக்கல்லை உருட்டிட்டு வந்து போர் வாய் மேல வெச்சுட்டாங்க. 70 வயசு. மெக்கானிக் வந்து அளவு பார்க்கணும்னு தள்ளி வெப்பான், அவங்க மறுபடியும் உருட்டிட்டு வருவாங்க. மூணு நாள் இப்படியே. "ஆத்தா, அம்மி குழவியெல்லாம் இங்கே வந்துருச்சுன்னா சட்னிக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு அவன் கேலி பண்ணினான். அவங்க சிரிக்கவேயில்லை. "எம் பேரன் காட்டுல வெளையாடறான்"னு மட்டும் சொன்னாங்க. ஊடு நெறைய ஆம்பளைங்க இருந்தாங்க. அந்தக் கல்லை உருட்ட ஒருத்தரும் கை கொடுக்கலைங்க. நானுந்தான் சமையல்ல இருந்துட்டேன்.

புதுகை அம்மா

எல்லோருடைய பதிவையும் படித்தேன். நேற்று சித்தப்பாவுக்கு போன் செய்தேன். முதலில் கோபப்பட்டார். "என்னை ஊரெல்லாம் எழுதி அசிங்கப்படுத்தப் போறியா?" என்றார். பேர் போடவில்லை, ஊர் போடவில்லை என்று சொன்னேன். பையன் எண்ணினான் இல்லையா, நாலு வரைக்கும், அதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் கட்டிலில் இருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சனிக்கிழமை வா, டிராக்டர் சொல்றேன்" என்றார். மண்ணுக்கு நான் பணம் தருகிறேன் என்றதற்கு மட்டும் திட்டினார்.

ரிக் தம்பி, ஒரு சந்தேகம். கல் போட்டால் தண்ணீர்ச் சத்தம் மாதிரிதான் கேட்கிறது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் நின்றால் மண் போடலாமா?

ரிக் திருச்செங்கோடு

போடலாம்க்கா. காய்ஞ்ச மண்ணா, கட்டி இல்லாம, மம்பட்டியில அள்ளி நிதானமாப் போடச் சொல்லுங்க. டிப்பரை அப்படியே கவுத்தறக் கூடாது. நெறஞ்ச பிறகு மேல ஒரு மேடு மாதிரி ஏத்தி வைங்க, ரெண்டு மூணு நாள்ல இறங்கும். ஒரு மழை பார்த்துட்டு மறுபடி போடணும். அதுவரைக்கும் வேலி போட்டு வைங்க. பையனைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

நானும் எங்க பழைய ஏஜெண்டுகிட்ட கேட்டிருக்கேன், அந்த 640 அடி பாயிண்ட் எந்த ஊருன்னு. பழைய நோட்டு வீட்டுப் பரண்ல இருக்குன்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை போய்த் தேடறேன்.