ரூட் கனால் செய்த கொடுப்புப் பல்: போஸ்ட் வைத்தால் கிறவுண் உறுதியாகுமா?

திருநெல்வேலி_வாசி:
கீழ்த்தாடையின் முதலாவது கொடுப்புப் பல்லுக்கு ரூட் கனால் முடிந்துவிட்டது. நாக்குப் பக்கச் சுவர் முரசு மட்டத்துக்கு உடைந்துபோயிருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் நிற்கிறது. டவுனில் ஒரு கிளினிக்கில் போஸ்ட் (வேருக்குள் இறக்குகிற சிறு தண்டு) வைத்துப் பலப்படுத்தித்தான் கிறவுண் (பல்லை மூடுகிற உறை) போடவேண்டும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் போஸ்ட் தேவையே இல்லையாம். சிர்க்கோனியா என்கிற கடினமான பீங்கான் வகையில் கிறவுண் போட்டால் உடையவே உடையாது என்று மச்சான் வேறு சொல்கிறான். யாரை நம்புவது? இப்போதைக்குத் தற்காலிக அடைப்புத்தான், நோவில்லாதபடியால் அந்தப் பக்கத்தாலும் சாப்பிடுகிறேன்.

பல்_வைத்தியர்_யாழ்:
முதலில் அந்தப் பக்கத்தால் சப்புவதை நிறுத்துங்கள். நரம்பு எடுத்த பல் வெடித்தாலும் ஆரம்பத்தில் நோவு காட்டாமல் இருக்கலாம், வெடிப்பு வேர்ப் பக்கம் இறங்கிவிட்டால் பிறகு பிடுங்கத்தான் வரும்.

போஸ்ட் பல்லைப் பலப்படுத்தாது. உடைந்துபோன பகுதிக்குப் பதிலாகக் கிறவுணுக்கு உள்ளே கட்டுகிற அடைப்பு, அதாவது கோர், கழராமல் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை, அதற்காக வேருக்குள் துளைத்து இருக்கிற பல்லையும் குறைக்கிறோம். கொடுப்புப் பல்லில் நரம்பறை அகலமானது, மூன்று சுவர் நின்றால் அந்த அறையே கோரைப் பிடித்துக்கொள்ளும். சுவர் மிகக் குறைவாக இருந்தால் மட்டும், அதுவும் கீழ்ப் பல்லில் பின்வேரில் வைப்போம். முன்வேர் மெல்லியது, துளைபட இடமுண்டு.

1989இல் வந்த ஓர் ஆய்வுகூடச் சோதனையில் ரூட் கனாலுக்காகத் திறந்ததால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதமளவில்தான் குறைந்தது. முன் பின் இரண்டு பக்க விளிம்பும் போகிற மாதிரி வெட்டியபோது 63 சதவீதம். ஆகவே எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கிறவுணின் ஓரம் கோரில் அல்ல, நல்ல பல்லில் சுற்றிவர 2 மில்லிமீற்றர் அளவுக்குப் பிடிக்கவேண்டும், வண்டில் சில்லைச் சுற்றி அடிக்கிற இரும்பு வளையம் மாதிரி. இதைத்தான் ஃபெரூல் என்போம். உங்களுக்கு ஒரு பக்கத்தில் அது இல்லை, ஆனாலும் மூன்று பக்கம் இருப்பது ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

சாவகச்சேரி_அக்கா:
டொக்டர், அந்தப் பக்கம் முரசை வெட்டி உயர்த்தலாம் என்கிறார்களே?

பல்_வைத்தியர்_யாழ்:
செய்யலாம் அக்கா, ஆனால் முரசோடு எலும்பையும் கொஞ்சம் எடுக்கவேண்டும். கொடுப்புப் பல்லில் இரண்டு வேரும் பிரிகிற இடம் அதிக ஆழத்தில் இல்லை. அது வெளியே வந்தால் துப்புரவாக்குவதே பெரும்பாடு. எக்ஸ்றே பார்க்காமல் நான் சொல்லமாட்டேன்.

பேராதனைப்_பழசு:
மச்சான் சொன்னது பாதி சரி. சிர்க்கோனியா லேசில் உடையாது, அதற்குக் கீழே பல் உடையும். எண்டோகிறவுண் பற்றியும் கேட்டுப் பாருங்கள் தம்பி: கோர், கிறவுண் இரண்டும் ஒரே துண்டாக நரம்பறைக்குள் இறங்கி ஒட்டும், போஸ்ட் வேண்டாம். ஆனால் அது முழுக்க ஒட்டுதலில் தங்கியது, எச்சில் படாமல் ரபர் டாம் (பல்லைச் சுற்றி விரிக்கிற ரப்பர் விரிப்பு) போட்டு ஒட்டுகிற ஆளிடம் மட்டும் போங்கள். உடைந்த ஓரம் முரசுக்குக் கீழே போயிருந்தால் அதை உலர வைத்திருப்பதே கஷ்டம், அப்போது வழமையான கிறவுண்தான் நல்லது என்பது என் எண்ணம். இரவில் பல் நெருமுகிற பழக்கம் இருந்தால் படுக்கும்போது பல்லில் மாட்டுகிற நைட் கார்ட்டும் தேவை.

திருநெல்வேலி_வாசி:
நன்றி டொக்டர், அண்ணை. நெருமுகிறேன் என்றுதான் மனிசி சொல்கிறா. கிறவுண் போட்ட பிறகு புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கடிக்கலாமா?

பல்_வைத்தியர்_யாழ்:
இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடுங்கள். தற்காலிக அடைப்பை மாதக்கணக்கில் விட்டுவிடாமல் கோரையாவது இந்தக் கிழமையே கட்டுவியுங்கள், எச்சில் கசிந்து உள்ளே போனால் ரூட் கனாலையே திரும்பச் செய்யவேண்டி வரும்.