லிபரேட்டர் மாடல் கட்டினவர்கள் வாங்க: மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்

சென்னை_72

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 72ல் ஒன்று அளவுப் பிளாஸ்டிக் லிபரேட்டர், அதாவது அந்த நாலு இன்ஜின் குண்டு விமானம், நம் விமானப்படை வண்ணத்தில், 2009ல் முடித்தேன். ஐந்து மாத வேலை. அப்போது கீழ் வீட்டில் ஒரு பெரியவர் மகனோடு இருந்தார். 1950களில் பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். ஆட்கள் தேற்றிப் பெங்களூருக்குப் பறக்கவைத்துக் கொண்டுவந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. 1968 வரை நம்மிடம் பறந்தவை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவை ஓவர்ஹாலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தனவாம்.

காட்டலாம் என்று கீழே எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். மூவண்ண வட்டத்தைப் பார்ப்பார், இல்லை இன்ஜினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். நாலு இன்ஜினிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் இக்னிஷன் வயர் இழுத்திருந்தேன். அவர் கண் அங்கெல்லாம் போகவேயில்லை. இடது கையில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரல் நகத்தால் வயிற்றுப் பக்கத்தைத் தடவிக்கொண்டே போனார். மூக்கிலிருந்து வால் வரை ஒரு தடவை, திரும்ப வாலிலிருந்து மூக்குக்கு ஒரு தடவை. அப்புறம் கேட்டார்: "தம்பி, நான் இதுல எது வழியா ஏறுவேன்?"

லிபரேட்டரின் குண்டறைக் கதவு மற்ற விமானங்களைப் போலக் கீழே தொங்காது. கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் உருண்டு மேலே ஏறிவிடும். தரையில் நிற்கும்போது ஆட்கள் குனிந்து அந்த வழியாகத்தான் உள்ளே போவார்கள், வருவார்கள். என் கிட்டில், அதாவது வாங்கின பாகங்கள் பெட்டியில், திறந்தும் வைக்கலாம், மூடியும் ஒட்டலாம் என்று இருந்தது. திறந்தால் உள்ளே இருக்கும் அத்தனையையும் செய்ய வேண்டும். நான் மூடி ஒட்டி, இடைவெளியில் புட்டி (இடுக்கை அடைக்கும் பசை) வைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தேன்.

"மூடிட்டியாப்பா" என்றார். நல்லா இருக்கு என்றும் சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்த நகம் ஒரு வாசலைத் தேடிப் போய்விட்டுத் திரும்பியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுக்கும் இந்த விமானத்தோடு இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பலாலிப் பேரன்

எனக்கும் வயிற்றுப் பக்கம்தான், அதனால் உடனே எழுதுகிறேன். ஸ்கார்பரோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணத்தில் வயாவிளான் பக்கம். 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள் காங்கேசன்துறைத் தளத்தில் நின்றவை. தளத்தின் பெயர்தான் காங்கேசன்துறை. இடம் எங்கள் பலாலி.

2011இல் அதில் ஒன்றைக் கட்டினேன். மேலே கடல் சாம்பல், கீழே வெள்ளை. கிழக்கில் ஜப்பான் விமானம் என்று குழம்பிவிடக் கூடாதென்று பிரிட்டிஷ் அடையாள வட்டத்தின் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள் இல்லையா, அதற்காக இரண்டு நீலமும் கலந்து நானே வட்டம் கீறினேன். அம்மம்மாவுக்கு அப்போது 76 வயது. மேசையில் வைத்துக் காட்டினால் தலையை ஆட்டினா, அவ்வளவுதான். "உது எனக்குத் தெரியாது" என்றா. எனக்கு முகம் விழுந்துபோயிற்று. பிறகு அவவே கையில் எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தா.

"ஓ, உதுதான். நாங்கள் கீழ நிண்டுதானே பாத்தனாங்கள்."

சிறுமியாகத் தோட்டத்தில் தண்ணீர் மாறப் போன இடத்தில் தலைக்கு மேலால் போனதை மட்டும்தான் அவ கண்டிருக்கிறா. மேல் பக்கத்தை வாழ்நாளில் கண்டதில்லை. நானோ மேல் பக்கத்துக்கு மூன்று மாதம் கொடுத்தேன். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டு பாதியும் சேரும் கோட்டைச் சரியாகத் தேய்க்கவில்லை. மூக்கிலிருந்து பின்னால் வரை அந்தக் கோடு அப்படியே தெரிகிறது. அவ அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

இரும்புக்குறடு

ரெண்டு பேரும் உணர்ச்சிகரமாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் சின்னது. கிட்டை வாங்கி, கட்டி, வண்ணம் அடித்து, வார்னிஷும் காய்ந்த பிறகு மூன்று சக்கரத்திலும் நிறுத்தினேன். கையை எடுத்ததும் மூக்கு மெதுவாக மேலே போய் வால் மேசையில் டொக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற புதியவர்களுக்காகச் சில விஷயம். லிபரேட்டருக்கு மூக்குச் சக்கரம். பின்பாதி நீளம், அதற்கு மேல் இரட்டை வால். நிஜ விமானத்திலேயே தரையில் பின்பக்கம் ஆள் கூடினால் மூக்கு எழும்பிவிடும். மாடலில் பிளாஸ்டிக் வாலை மீறுகிற எடை முன்னால் இருந்தே ஆக வேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்குங்கள். விமானியின் தரைக்கு அடியிலும் அவர் இருக்கைக்குப் பின்னாலும் இடம் இருக்கிறது. உடலின் இரண்டு பாதியையும் ஒட்டும் முன்னால், இறக்கை, வால், இன்ஜின் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பில் தற்காலிகமாகச் சேர்த்து, பின் சக்கரம் வருகிற இடத்தில் ஒரு பென்சிலை அடியில் கொடுத்துப் பாருங்கள். மூக்கு தானாகக் கீழே போக வேண்டும். போனால் இன்னும் கொஞ்சம் ஈயம் போடுங்கள், வண்ணமும் எடைதான். என் இரண்டாவது லிபரேட்டருக்கு 60 கிராம் பிடித்தது.

அடுத்தது கண்ணாடிப் பாகங்கள். சூப்பர் குளூ தொடவே கூடாது, அதன் ஆவி பட்டாலே கண்ணாடி பனி மூடின மாதிரி ஆகிவிடும். வெள்ளைப் பசை போதும். மூக்குக் கூண்டு, வால் கூண்டு, மேல் கூண்டு எல்லாவற்றுக்கும் அதுதான். அடுத்தது டீகால், தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம். மேட், அதாவது பளபளப்பில்லாத, பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். முதலில் பளபள வார்னிஷ், அப்புறம் டீகால், அப்புறம் மேட். சென்னையில் ஐப்பசி மழையில் லேக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள், ஈரம் ஏறி வெளுத்துப்போகும்.

பலாலிப் பேரன் கவனிக்க: உங்கள் அம்மம்மா பார்த்தது கேட்டலினா என்ற கடல் விமானமாகவும் இருக்கலாம். அவையும் இலங்கையில்தான் நின்றன, கொக்கலையில். அறுபத்தைந்து வருஷத்து ஞாபகத்தை வைத்து மாடல் கட்ட முடியாது. சென்னை_72 சொல்லும் பெரியவருக்கும் இதையேதான் சொல்வேன். படம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, அவற்றைப் பாருங்கள். பறக்கும்போது குண்டறை மூடியேதான் இருக்கும். உங்கள் மாடலில் தவறு எதுவும் இல்லை.

பலாலிப் பேரன்

அவ விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இன்ஜினை எண்ணினா. கேட்டலினாவுக்கு இரண்டு.

சென்னை_72

குறடு அண்ணா, எடை பற்றி நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் மாடலில் தவறு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் அதனுள் வேலை செய்தவர். அவர் தேடிய இடத்தில் நான் புட்டி வைத்திருந்தேன். அதைத்தான் சொன்னேன்.

கிள்ளான் மலர்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் மாடல் கட்டியவன் அண்ணன். 1988இல், அவனுக்குப் பதினாலு வயசு. தீபாவளிக்குக் கிடைத்த காசில் லிபரேட்டர் வாங்கி, ஹால் அலமாரி மேல் வைத்தான். தாத்தா எங்களோடுதான் இருந்தார். மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் சயாம் மரண ரயிலில் போட்ட ஆட்களில் அவரும் ஒருவர். அந்தப் பாதை முழுக்க எத்தனை தமிழர்கள் செத்தார்கள் என்று பெரிய கணக்கு எதுவும் அவர் சொன்னதில்லை. கூடப் போன தன் தம்பி திரும்பவில்லை என்று மட்டும் சொல்வார். தண்டவாளம் போட்டு முடித்த பிறகும் பலரை அங்கேயே பழுது பார்க்க வைத்திருந்தார்கள். லிபரேட்டர்கள் வந்து பாலங்களை அடித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். அடித்த இடத்தைத் திரும்பக் கட்டப் போவது யார்? இந்த ஆட்கள்தான்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்கள் கண்டது ஒன்றுதான். ராத்திரி நாங்கள் படுத்த பிறகு தாத்தா எழுந்து வந்து, அந்த விமானத்தின் மேல் தமிழ் பேப்பரை விரித்து மூடிவிடுவார். காலையில் அண்ணன் எடுப்பான். மறுநாள் மறுபடியும் மூடியிருக்கும். அண்ணன் தூசி படக்கூடாதென்று தாத்தா செய்கிறார் என்று நினைத்து நன்றிகூடச் சொன்னான். தாத்தா ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நான் பார்த்தேன். பேப்பரின் நாலு ஓரத்தையும் இறக்கைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் போர்வை செருகுவது போல அத்தனை மெதுவாக, சத்தமே வராமல்.

அது பயமா, வெறுப்பா, வேறு எதுவுமா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

வெம்ப்ளி வாசி

மலர் அக்கா, படித்தேன்.

நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். 2016இல் லண்டன் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் கேஎன்751 என்ற எண்ணுள்ள நிஜ லிபரேட்டரைப் பார்த்தேன். போரின் கடைசியில் கொக்கோஸ் தீவில் நின்ற விமானம், அப்புறம் நம் விமானப்படைக்கு உழைத்து, 1974இல் இந்தியாவிலிருந்து இங்கே பறந்து வந்தது. 48ல் ஒன்று அளவில் நான் கட்டியது அதையேதான். இறக்கை மட்டும் எழுபது சென்டிமீட்டர். அந்த இறக்கையைக் கண்ணாடி மாதிரி ஆக்க ஆறு விதமான உப்புத்தாள் போட்டேன்.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பக்கவாட்டுத் தகட்டைப் பார்க்கிறேன், வெளிச்சம் சாய்வாக விழுகிறது. தகடு முழுக்க அலை அலையாக இருக்கிறது. துவைத்து உலர்த்திய வேட்டி மாதிரி. ரிவெட்டுக்கு ரிவெட் பள்ளம். எங்கெங்கோ ஒட்டுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒரு ஒட்டின் ஓரம் நேராகக்கூட இல்லை, யாரோ அவசரத்தில் கையால் வெட்டியது. அதைச் செய்தது கான்பூரிலா பெங்களூரிலா என்று நினைத்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். மனைவி வந்து கூப்பிட்டாள்.

குறடு அண்ணா, படத்தைப் பாருங்கள் என்கிறீர்கள். நான் நூறு படம் பார்த்துத்தான் கட்டினேன். எதிலும் அந்த அலை தெரியவில்லை. அதனால் ஃபிட்டர் பெரியவரின் நகத்தைத்தான் நான் நம்புவேன்.

இரும்புக்குறடு

சரி. அம்மம்மா விஷயத்தில் நான் சொன்னது தவறு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நாலு என்றால் அது லிபரேட்டர்தான். எடை விஷயத்தில் மாற்றம் இல்லை. வெம்ப்ளி தம்பி, அந்த அலை வேண்டுமென்றால் வளைந்த பிளேடால் ரிவெட் வரிசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கை மெல்லச் சுரண்டி, மேலே நுண்ணிய உப்புத்தாள் போடலாம். நான் ஒரு இறக்கையில் செய்து பார்த்திருக்கிறேன். சாய்வெளிச்சத்தில் மட்டும் தெரியும். நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சென்னை_72

இந்த வாரம் முழுக்க இதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று ராத்திரி மாடலை எடுத்து, மல்லாத்தித் துண்டு மேல் வைத்து, ரம்பப் பிளேடால் வயிற்றை அறுத்தேன். பதினைந்து வருஷத்துப் புட்டி, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இடது பக்கக் கதவு முழுசாகக் கழன்று வந்தது. வலது பக்கம் இரண்டாக உடைந்தது, பரவாயில்லை, எப்படியும் அது உருண்டு மேலே போய்விடும்.

உள்ளே வெறும் கூடு. ஒன்றுமே இல்லை. நடுவில் ஆட்கள் நடக்கிற பாலம் நிஜத்தில் 9 அங்குல அகலம், 72ல் ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர் சொச்சம். பிளாஸ்டிக் பட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் அகலம். தேய்த்துக் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் குண்டு மாட்டும் செங்குத்துச் சட்டங்கள், அவற்றுக்குப் பித்தளைக் கம்பி வாங்கப் பாரிஸ் கார்னர் போகிறேன். பெரியவர் மகனின் எண் பழைய டைரியில் இருக்கிறது, அது இப்போது வேலை செய்கிறதா என்று நாளை காலை போட்டுப் பார்ப்பேன்.