எல்3 கேஷைப் பிரித்துக் கொடுக்கும் வசதி ப்ராசஸரில் இருக்கிறதா என்று வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது?

குடந்தை_ரேக்:

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் சின்ன அலுவலகம் எங்களுடையது. சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்கு எடைமேடை பில், நெல் இருப்புக் கணக்கு எல்லாம் எங்கள் சர்வரில்தான் ஓடுகிறது. இரண்டு சாக்கெட், ஜியான் இ5-2680 வி3, அதில் லினக்ஸ் கேவிஎம் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி), மேலே சில விஎம்கள், அதாவது அந்த மெய்நிகர் கணினிகள். ஒன்றில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இன்னொன்றில் அறிக்கை எடுப்பது, பழைய பதிவுகளைச் சுருக்கி வைப்பது மாதிரி கனமான வேலைகள்.

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் ஆலை வாசலில் லாரி வரிசை கட்டிவிடும், எடைமேடையில் என்டர் தட்டியதும் சீட்டு வெளியே வர வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விஎம்மில் யாராவது அறிக்கை ஓட்டினால் டேட்டாபேஸ் மந்தமாகிறது. எந்த விஎம்முக்கு எந்தக் கோர் என்று தனித்தனியாகப் பின் செய்து வைத்திருக்கிறேன், டிஸ்க் சும்மாதான் கிடக்கிறது, ஸ்வாப்பும் இல்லை. மிச்சம் இருப்பது ப்ராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகமான, எல்லோரும் பொதுவாக அள்ளிக்கொள்ளும் எல்3 கேஷ்தான் என்று தோன்றுகிறது. இன்டெலில் கேஷைப் பிரித்து ஒதுக்கும் வசதி உண்டு என்று படித்தேன், ஆனால் என் சர்வரில் அது இருப்பதாகத் தெரியவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ் செய்த சர்வர் கேட்டேன். இ5-2680 வி4, ஜியான் கோல்டு 6130, ஏஎம்டி எபிக் 7302 மூன்றும் கைவசம் இருக்கிறதாம். இந்த வசதி எதில் இருக்கிறது என்று கேட்டால் "ஜியான் என்றால் எல்லாம் இருக்கும் சார்" என்கிறார். பணம் கட்டும் முன் நானே உறுதி செய்துகொள்ள என்ன வழி?

வெண்ணாறு_அட்மின்:

ஜியான் என்றால் எல்லாம் இருக்காது. உங்களிடம் இருக்கும் வி3-யே அதற்குச் சாட்சி. அந்தத் தலைமுறையில் யார் எவ்வளவு கேஷ் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வசதி பொதுவாக எல்லாவற்றிலும் உண்டு, ஒதுக்கிக் கொடுக்கும் வசதி 2658 வி3, 2618எல் வி3 மாதிரி ஒரு சில மாடல்களுக்கு மட்டும்தான். அவற்றிலும் சிபியுஐடி (ப்ராசஸர் தன் வசதிகளைத் தானே சொல்லும் கட்டளை) வழியாக "எனக்கு இது உண்டு" என்று ப்ராசஸர் சொல்லாது. அதனால் லினக்ஸ் கர்னல் ப்ராசஸருக்குள் அதற்கான எம்எஸ்ஆர் என்ற பதிவேட்டில் ஒரு மதிப்பை எழுதிப் பார்த்து, எழுதியது அப்படியே திரும்பி வந்தால்தான் வசதி இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. 2680 வி3 அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே நீங்கள் தேடியும் கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை.

பார்க்கும் வழி இதுதான். கடைக்காரரிடம் ஏதாவது லைவ் லினக்ஸ் பென்டிரைவில் சர்வரை பூட் செய்யச் சொல்லுங்கள். எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால் ஃப்ளாக்ஸ் என்று, ப்ராசஸரின் வசதிகளைப் பட்டியலிடும் ஒரு நீண்ட வரி வரும். அதில் 'ஆர்டிடி_ஏ', 'சிஏடி_எல்3' இரண்டும் இருக்க வேண்டும். 'சிடிபி_எல்3' இருந்தால் கோடுக்கும் டேட்டாவுக்கும் தனித்தனியாகப் பிரிக்கலாம், 'எம்பிஏ' இருந்தால் மெமரி பேண்ட்விட்த்தையும் கட்டுப்படுத்தலாம். 'சிக்யூஎம்' என்று தொடங்குபவை அளந்து பார்ப்பதற்கு மட்டும். கடையில் இதைத்தான் காட்டி "இருக்கிறதே" என்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

வி4 என்றால் கவலை இல்லை. 2680 வி4-இல் 35 எம்பி எல்3, அது 20 வே, அதாவது 20 சம துண்டுகள். ஆக ஒரு வே 1.75 எம்பி, அந்த அளவில்தான் வெட்டிக் கொடுக்க முடியும். கேஷைப் பங்கிட 16 குழுக்கள் வரை வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு இரண்டே போதும்.

மன்னை_கர்னல்:

ஃப்ளாக்கோடு நின்றுவிடக் கூடாது அண்ணே. கோல்டு 6130 பட்டியலில் இருப்பதால் சொல்கிறேன், அங்கே ஒரு குழி இருக்கிறது.

6130 ஸ்கைலேக் தலைமுறை. ஃப்ளாக்ஸ் வரியில் 'சிஏடி_எல்3' அழகாகத் தெரியும். ஆனால் ரெஸ்கண்ட்ரோல் ஃபைல்சிஸ்டத்தை (கேஷ் ஒதுக்கீட்டைக் கோப்புகள் வழியாகக் கையாள லினக்ஸ் தரும் இடம்) மவுண்ட் செய்து உள்ளே இன்ஃபோ அடைவைத் திறந்தால் எல்3 என்ற பெயரில் அடைவே இருக்காது, மெமரி பேண்ட்விட்த்துக்கான 'எம்பி' என்ற அடைவு மட்டும் இருக்கும். காரணம், சில சூழல்களில் கேஷ் ஒதுக்கீடு சொன்ன எல்லைக்குள் நிற்பதில்லை என்று அந்தச் சிப்புக்கு இன்டெலே பிழைப்பட்டியலில் போட்டிருக்கிறது, அதனால் கர்னலே அதை இயல்பாக அணைத்து வைக்கிறது. அளக்கும் கணக்குகளும் அந்தத் தலைமுறையில் நம்பகமில்லை என்று சேர்த்தே அணைக்கப்பட்டிருக்கும். அடுத்து வந்த கேஸ்கேட் லேக்கிலும் எல்3 ஒதுக்கீடு இயல்பாக அணைந்தேதான் இருக்கிறது, அளப்பது மட்டும் வேலை செய்யும். வேண்டுமென்றால் பூட் வரியில் 'ஆர்டிடி=எல்3சிஏடி' என்று சேர்த்துக் கட்டாயமாகத் திறக்கலாம். திறந்தால் வேலை செய்யும், ஆனால் பிழையை ஏற்றுக்கொண்டுதான் திறக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

ஆகவே கடைசி வார்த்தை ஃப்ளாக்கிடம் இல்லை. கர்னலின் டிமெசேஜ் பதிவில் ரெஸ்கண்ட்ரோல் என்று தேடினால் எல்3 அலொகேஷன் டிடெக்டட் என்ற வரி இருக்க வேண்டும், மவுண்ட் செய்தபின் இன்ஃபோவுக்குள் எல்3 அடைவு இருக்க வேண்டும். அந்த அடைவில் எத்தனை குழுக்கள், எத்தனை பிட் (ஒரு பிட் கேஷின் ஒரு துண்டைக் குறிக்கும்), குறைந்தது எத்தனை பிட் ஒதுக்க வேண்டும் எல்லாமே கோப்புகளாக இருக்கும். ரெஸ்கண்ட்ரோல் 4.10 கர்னலில் வந்தது, ஏஎம்டி ஆதரவு அதற்குப் பிறகு, எனவே பழைய கர்னல் ஓடும் ஏதோ ஒரு மீட்பு சிடியில் பூட் செய்துவிட்டு "இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்று, இதையெல்லாம் ஹோஸ்ட்டில், அதாவது விஎம்களைத் தாங்கும் அசல் சர்வரில்தான் பார்க்க வேண்டும். விஎம்முக்குள் போய்ப் பார்த்தால் பொதுவாக ஒன்றும் தெரியாது, கேவிஎம் அதை உள்ளே காட்டுவதில்லை. வாடகை கிளவுட் விஎம்மில் தேடிக் களைத்துப் போகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வைத்திருந்தால் விர்ஷ் கேப்பபிலிட்டீஸ் வெளியீட்டில் கேஷ் பகுதிக்குள் கண்ட்ரோல் என்ற வரி வருகிறதா என்றும் பார்க்கலாம்.

நாகை_பழையவர்:

எல்லோரும் ப்ராசஸர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறீர்கள், நோய் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லையே தம்பிகளா.

முதலில் மந்தம் என்றால் எவ்வளவு? சீட்டு வர வினாடிக்கணக்கில் ஆகிறது என்றால் அது கேஷ் இல்லை, டேட்டாபேஸில் ஏதோ லாக் பிடித்து நிற்கிறது, அல்லது செக்பாயின்ட் அடிக்கிறது (தேங்கிய மாற்றங்களை டிஸ்க்கில் எழுதுகிறது). கேஷ் தகராறில் அதே கொரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அதே பிளானோடு (அதை நடத்தும் வழிமுறை) ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது? இ5 வி3, வி4 ப்ராசஸர்களில் சாக்கெட்டுக்கு 4 மெமரி சேனல், அதாவது ரேமுக்கான தனித்தனிப் பாதைகள். ரீஃபர்பிஷ் சர்வரில் சாக்கெட்டுக்கு ஒரு ரேமோ இரண்டு ரேமோ சொருகி விற்றுவிடுவார்கள், மொத்த ஜிபி சரியாக இருக்கும், ஆனால் சேனல் பாதி காலியாகக் கிடக்கும். பதிவுகளைச் சுருக்கும் வேலை மெமரியிலிருந்து வரிசையாக வாரி இழுக்கிற வேலை. அது பேண்ட்விட்த்தை அடைத்துக்கொண்டால் நீங்கள் கேஷை எத்தனை துண்டு போட்டாலும் டேட்டாபேஸ் மெமரி வாசலில் காத்துத்தான் நிற்கும். கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு வெண்ணாற்றுக்கு இவ்வளவு என்று ஷட்டரை அளவாகத் திறந்துவைத்தாலும் மேட்டூரிலிருந்து வருவது குறைந்தால் கடைமடைக்கு என்ன போகும்? அதே கதைதான். வி4-இல் பேண்ட்விட்த்தைக் கட்டுப்படுத்தும் வசதி கிடையாது, அது ஸ்கைலேக்கில்தான் வந்தது.

உங்கள் வி3-இலேயே அளக்கலாம். ரெஸ்கண்ட்ரோலை மவுண்ட் செய்து மானிட்டர் குழு ஒன்று டேட்டாபேஸ் விஎம்முக்கு, இன்னொன்று அறிக்கை விஎம்முக்குப் போட்டு, எல்எல்சி ஆக்குபன்சி கோப்பைப் படித்தால் யார் எத்தனை எம்பி பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பேண்ட்விட்த்தைக் குழுவாரியாக வி3 காட்டாது, அதற்கு இன்டெலின் பிசிஎம் கருவிகளில் மெமரிக்கான ஒன்று இருக்கிறது, சேனல் வாரியாகக் காட்டும். காசு செலவில்லாமல் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

குடந்தை_ரேக்:

பெரியவர் சொன்னபடி அளந்து பார்த்தேன்.

லாக் இல்லை. பிளான் மாறவில்லை. அறிக்கை ஓடும்போது அதே கொரிகள் சுமார் இரண்டு மடங்கு நேரம் எடுக்கின்றன. ஒரு சீட்டுக்குள் ஆலை மென்பொருள் எக்கச்சக்கமான சின்னக் கொரிகளை அடிக்கிறது, அதனால்தான் எடைமேடையில் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மென்பொருளைத் திருத்த வேண்டும்தான், அது நான் எழுதியதில்லை.

ஆக்குபன்சி பார்த்தால் தெளிவாக இருக்கிறது, அறிக்கை விஎம் கிளம்பிய உடனே டேட்டாபேஸின் பங்கு கரைந்து கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. ரேம் நாலு சேனலிலும் இருக்கிறது, பேண்ட்விட்த் உச்சத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆகவே இது கேஷ்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். 6130 வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எபிக் 7302 பற்றி யாரும் சொல்லவில்லையே?

தஞ்சை_லேப்:

கல்லூரி ஆய்வகத்தில் 7302 சேர்ந்த ரோம் தலைமுறை எபிக் வைத்திருக்கிறோம். வசதி இருக்கிறது, ரோமிலிருந்து ஏஎம்டி சர்வரில் எல்3 ஒதுக்கீடு உண்டு, அதற்கு முந்திய நேப்பிள்ஸில் இல்லை. ஃப்ளாக் பெயரும் அதே 'சிஏடி_எல்3'தான், ரெஸ்கண்ட்ரோலும் அதேதான்.

ஆனால் சார், உங்கள் வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம். 7302-இல் 128 எம்பி எல்3 என்று எழுதியிருப்பது ஒரே குளம் இல்லை. 16 எம்பி வீதம் 8 தனித்தனிக் கேஷ்கள், ஒவ்வொன்றையும் 2 கோர்கள் மட்டும் பகிர்கின்றன. டேட்டாபேஸ் விஎம்மைச் சில ஜோடிகளுக்கும் அறிக்கை விஎம்மை வேறு ஜோடிகளுக்கும் பின் செய்தாலே எல்3 தானாகப் பிரிந்துவிடும், மாஸ்க் (எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும் பிட் வரிசை) எதுவும் எழுத வேண்டியதில்லை. எந்தக் கோர் எந்தக் கேஷோடு என்பதை எல்எஸ்சிபியுவிலேயே பார்க்கலாம். குறை என்னவென்றால் ஒரு கோருக்கு எட்டக்கூடிய எல்3 16 எம்பிதான், டேட்டாபேஸுக்கு ஒரே இடத்தில் அதற்கு மேல் கொடு என்றால் முடியாது.

விலைதான் யோசிக்க வேண்டும். மதர்போர்டும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

வெண்ணாறு_அட்மின்:

மதர்போர்டு என்றதும்தான் உறைத்தது. குடந்தை அண்ணே, நீங்கள் சர்வரே வாங்க வேண்டியதில்லையே! வி3-உம் வி4-உம் ஒரே எல்ஜிஏ 2011-3 சாக்கெட். பல போர்டுகள் பயோஸ் புதுப்பித்தால் வி4-ஐ ஏற்றுக்கொள்ளும், இருக்கிற டிடிஆர்4 ரேமும் அப்படியே ஓடும். உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலில் 2680 வி4 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் இரண்டு ப்ராசஸர் வாங்கினால் போதும். பயோஸை வி3 இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும், கழற்றிய பிறகு என்றால் பூட்டே ஆகாமல் நிற்கும்.

குடந்தை_ரேக்:

பார்த்தேன் தம்பி, இருக்கிறது! இரண்டு ப்ராசஸருக்குச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் பூட் செய்து ஃப்ளாக்ஸ் வரியைப் படம் எடுத்து அனுப்பினார், 'சிஏடி_எல்3' இருக்கிறது. வந்ததும் எப்படிப் பிரிப்பது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மன்னை_கர்னல்:

20 பிட்டில் கீழ் 12 டேட்டாபேஸுக்கு, மேல் 8 மற்ற எல்லாவற்றுக்கும் என்று தொடங்கிப் பாருங்கள், 21 எம்பியும் 14 எம்பியும் ஆகும். வி4-இல் பிட்டுகள் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதவிடாது. ஷேரபிள் பிட்ஸ் என்ற கோப்பைப் படியுங்கள், நெட்வொர்க் கார்டு போன்றவை நேரடியாக எழுதும் வேக்களை அது காட்டும். பெரும்பாலும் மேல் 2 பிட். அவை டேட்டாபேஸ் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

நிறையப் பேர் கோட்டைவிடுவது ரூட் குழுவில், அதாவது தனிக் குழு போடாத எல்லாம் இருக்கும் இயல்புக் குழுவில். டேட்டாபேஸுக்குக் குழு போட்டுவிட்டு ரூட்டை அப்படியே விட்டால் மற்ற எல்லா ப்ராசஸும் 20 வேயிலும் நிரப்பிக்கொண்டேதான் இருக்கும், பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. ரூட்டின் ஸ்கீமாட்டாவையும் (மாஸ்க் எழுதும் கோப்பு) மேல் 8 பிட்டுக்குச் சுருக்குங்கள். இரண்டு சாக்கெட் என்பதால் கேஷ் 0, கேஷ் 1 இரண்டுக்கும் எழுத வேண்டும்.

குழுவின் டாஸ்க்ஸ் கோப்பில், விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யூவின் பிஐடியை (ப்ராசஸ் எண்) மட்டும் எழுதினால் அந்த ஒரு த்ரெட் மட்டும்தான் நகரும், விஎம்மின் ப்ராசஸராக ஓடும் விசிபியு த்ரெட்டுகள் பழைய குழுவிலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் எழுதுங்கள், அல்லது லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் கேஷ்டியூன் போட்டுவிடுங்கள், விஎம் கிளம்பும்போது அதுவே பார்த்துக்கொள்ளும். எழுதிய உடனே ஆக்குபன்சி மாறவில்லையே என்று பதற வேண்டாம். மாஸ்க் புதிதாக நிரப்புவதைத்தான் கட்டுப்படுத்தும், ஏற்கெனவே உள்ளே இருப்பது வெளியேறக் கொஞ்ச நேரம் ஆகும்.

ரீபூட் ஆனால் கையால் எழுதியது எல்லாம் போய்விடும், எனவே ரூட் மாஸ்க்குக்கு ஒரு சிஸ்டம்டி யூனிட் (பூட்டில் தானாக ஓடும் சேவை) எழுதி லிப்விர்ட் கிளம்பும் முன் ஓடும்படி வைத்துவிடுங்கள்.