பரம்பிக்குளத்தில் இரண்டு இரவு: வீட்டோடு தொடர்பு அறாமல் இருக்க என்ன வழி?

உடுமலை வாணி

வணக்கம். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புகிற மாதிரி பரம்பிக்குளம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகன். காட்டுமாடும் யானையும் பார்க்க வேண்டும் என்று பையன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

என் கவலை அம்மாவைப் பற்றியது. அவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. நாங்கள் உள்ளே இருக்கும் சனிக்கிழமை தம்பிதான் தனியாக அழைத்துப் போக வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்குச் சில நாள் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நேரத்தில் தம்பி கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் அவன் பயந்துவிடுவான்.

எங்கள் இரண்டு போனிலும் தனியார் கம்பெனி சிம்தான். அங்கே அது எடுக்காது என்கிறார்கள். பிஎஸ்என்எல் சிம் ஒன்று வாங்கினால் போதுமா? துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு சாட்டிலைட் போன் வைத்திருக்கிறார், ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா? தீவில் இருக்கும் வீட்டில் தங்கப் பையனுக்கு ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சேத்துமடை ஜீப்

வாணி அக்கா, நான் சேத்துமடையிலிருந்து அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் நம் பக்கம்தான் வழி. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப், அப்புறம் ஆனப்பாடியில் கேரள வனத்துறை செக்போஸ்ட். சேத்துமடை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் தனியார் சிம் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். ஆகவே வீட்டுக்குப் பேச வேண்டியதை ஆனைமலையிலோ வேட்டைக்காரன்புதூரிலோ நின்று பேசி முடித்துவிடுங்கள். ‘மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்’ என்று வைக்காதீர்கள்.

உள்ளே நான் பார்த்தவரை பிஎஸ்என்எல் மட்டும்தான் நம்பலாம். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. அணையை ஒட்டிய பரம்பிக்குளம் ஊர்ப் பக்கம் கிடைக்கும், இரண்டு வளைவு தாண்டினால் போய்விடும். 643 சதுர கிலோமீட்டர் காடு அக்கா அது, 2010இலிருந்து புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் டவர் நட முடியாது, அதற்கு வன அனுமதி வேண்டும். நட்டாலும் நடுவில் நிற்கும் மலை அலையை மறைத்துவிடும்.

சிக்னலைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தம்பியின் போன் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் என்ன செய்ய முடியும்? செக்போஸ்ட் சாயங்காலமே மூடியிருக்கும். பாதையில் யானை நிற்கும். அவசரம் என்று சொல்லி, வனத்துறை ஆட்கள் கூட வந்து, இருட்டில் மெதுவாக இறங்கி, அதற்கு மேல் உடுமலை வரை போக வேண்டும். அவ்வளவு நேரமும் அங்கே முடிவெடுக்கப் போகிறவர் தம்பிதான். ஆகவே போன் கிடைக்காவிட்டாலும் அவர் தயங்காமல் செய்கிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரி ஃபைல், காப்பீட்டு அட்டை, கையில் பணம், எந்த ஆம்புலன்ஸ், பக்கத்தில் துணைக்கு யார் என்பதெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவர் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, பேசும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். காலை இன்ன மணி, மாலை இன்ன மணி என்று இரண்டு வேளை. அந்த நேரத்தில் நீங்கள் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து நீங்களே கூப்பிட வேண்டும். மற்ற நேரத்தில் போன் எடுக்கவில்லை என்றால் அது சாதாரணம் என்று தம்பிக்குத் தெரிந்திருந்தால் அவர் பதற மாட்டார்.

முன்பதிவுச் சீட்டில் வனத்துறைத் தகவல் மையத்தின் எண் இருக்கும். அதைத் தம்பிக்குக் கொடுத்து, எந்த இடத்தில் தங்குகிறீர்கள், யார் பெயரில் பதிவு என்று எழுதி வையுங்கள். வனத்துறையிடம் வயர்லெஸ் உண்டு. உண்மையான அவசரம் என்றால் தகவல் உங்களிடம் வந்து சேரும். 2022 செப்டம்பரில் ஒரு நடு இரவில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்தது, நினைவிருக்கும். அன்றைக்குக் கீழே சாலக்குடி ஆற்றங்கரை வரை எச்சரிக்கை போனது. உங்களோடு வரும் வழிகாட்டிகள் அங்கேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் மக்கள். எந்தத் திருப்பத்தில் எந்த மரத்தடியில் போன் பேசலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் நாளே அம்மாவின் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், அவர்களே நேரம் பார்த்து அழைத்துப் போவார்கள்.

தீவு வீடு இந்தத் தடவை வேண்டாம் அக்கா. தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும், இருட்டிய பிறகு நினைத்தபோது வெளியே வர முடியாது. சாலையை ஒட்டிய தங்குமிடமாகக் கேளுங்கள்.

கம்பம் செல்கடை

நான் கம்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். இங்கிருந்து கேரளக் காட்டுப் பக்கம் குமுளி, கவி போகிறவர்கள் கேட்கும் கேள்வியும் இதேதான். ஜீப்காரர் சொன்னதோடு போன் பக்கம் சிலதைச் சேர்க்கிறேன்.

பிஎஸ்என்எல் சிம்மைக் கிளம்புகிற அன்று வாங்காதீர்கள். பத்து நாள் முன்பே வாங்கி, ஆக்டிவேட் ஆகி, ஒரு கால் பேசிப் பார்த்துவிடுங்கள். வீட்டில் பழைய பிஎஸ்என்எல் சிம் கிடந்தால் அது 4ஜி சிம்மா என்று பாருங்கள், இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். போனில் நெட்வொர்க் வகையை ‘ஆட்டோ’வில் விடுங்கள். காட்டுக்குள் பல இடத்தில் 2ஜி மட்டும் எட்டும். ‘4ஜி மட்டும்’ என்று வைத்திருந்தால் பேசக்கூட முடியாது. ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது, ஆகவே 4ஜி வராத இடத்தில் அந்த சிம்முக்கு வேறு வழியில்லை.

எல்லை தாண்டியதும் உங்கள் தமிழ்நாட்டு சிம் கேரள டவரைப் பிடிக்கும். பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ‘டேட்டா ரோமிங்’ ஆஃபில் இருந்தால் சிக்னல் கோடு இருந்தும் நெட் வராது. கடைக்கு வந்து ‘போன் ரிப்பேர்’ என்று தருகிறவர்களில் பலருக்கு நான் அந்த ஒரு பொத்தானைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

பேட்டரி விஷயம். சிக்னல் இல்லாத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடும், சீக்கிரம் சார்ஜ் தீர்ந்துவிடும். எடுக்காத சிம்மை ஆஃப் செய்துவிடுங்கள். பேசாத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து வாங்குவதுதான், டவர் வேண்டாம். கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோ காலை மறந்துவிடுங்கள். தம்பியிடம் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். கால் போகாத அளவு சிக்னல் மெலிந்த இடத்திலும் அது வந்துவிடும். அந்த நிமிடம் நீங்கள் சிக்னல் எட்டாத இடத்தில் இருந்தாலும், திரும்பச் சிக்னல் கிடைத்ததும் வந்து விழும். 112 என்ற அவசர உதவி எண் உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாதபோதும் வேறு கம்பெனி டவர் இருந்தால் போகும். எந்த டவரும் இல்லாத இடத்தில் அதுவும் போகாது.

யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். கையில் ரொக்கம், முன்பதிவுச் சீட்டு காகிதத்தில்.

வால்பாறை நர்ஸ்

சகோதரி, சாட்டிலைட் போன் விஷயத்தில் உடனே அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள், கொண்டுவர வேண்டாம். துராயா, இரிடியம் போன்களை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். விமான நிலையத்தில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் கருவியை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள்கூட மாட்டியிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்யப்போய் அவர் லீவு முழுவதும் போலீஸ் ஸ்டேஷனில் போக வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிரை வெயிட் (உடம்பில் அதிக நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா எந்தக் கை (அந்தக் கையில் வேறு ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ கூடாது), என்ன மாத்திரைகள், டயாலிசிஸ் யூனிட் எண். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே இருப்பவர்களுக்கு முதலில் இதுதான் தேவை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சட்டென்று எழுந்து நடக்க விடாமல், முதல் சில மணி நேரம் தம்பி பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் மாலைப் போன் அதற்குப் பிறகு இருந்தால் விவரமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜீப் தம்பி சொன்ன ‘முன்பே சொல்லி வைப்பது’ சரியானது. இங்கே மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை காட்டுப் பாதையில் போன் இருக்காது. செக்போஸ்டில் வண்டி எண்ணும் நேரமும் எழுதி ஒரு சீட்டுத் தருவார்கள், அந்தப் பக்கம் அதைக் காட்ட வேண்டும். அந்தப் பாதையில் எனக்குத் தைரியம் தருவது அந்தச் சீட்டுதான். நாம் வர வேண்டிய நேரம் இன்னொருவருக்குத் தெரியும்.

உடுமலை வாணி

மூன்று பேருக்கும் நன்றி. துபாய் அண்ணனிடம் இன்றைக்கே பேசிவிட்டேன். தீவு வீடு இல்லை என்றதும் பையனுக்கு வருத்தம்தான், ஆனப்பாடிப் பக்கம் கூடாரம் என்றதும் சமாதானமாகிவிட்டான். சனிக்கிழமை மட்டும் அத்தை வந்து தம்பியோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாலைப் போனை ஆறு மணிக்கு வைக்கலாமா, ஏழுக்கா?

சேத்துமடை ஜீப்

ஐந்தரை என்று வையுங்கள் அக்கா. சஃபாரி முடிந்து வண்டி திரும்பும் வழியில் நின்று பேசிவிடலாம், இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டு வெளியே வர விடமாட்டார்கள். அம்மா அதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவாரா என்று தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் ஆனைமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே பங்க் இல்லை.