மறு: இறைச்சிக்குப் புகை போடும் கட்டடம் – ‘புகைவாடி’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

இறைச்சியைத் தொங்கவிட்டுப் புகையில் வாட்டிப் பதப்படுத்தும் சிறு கட்டடத்துக்கு, ஆங்கிலத்தில் smokehouse என்பதற்கு, தமிழில் என்ன சொல் என்று கேட்டு வந்த இழை இது. இதில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் ஆற அமரப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘புகைவீடு’, ‘புகையறை’, ‘புகைக்கூண்டு’, ‘புகையூட்டகம்’ என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: ‘புகைவாடி’.

முதலில் ‘புகைக்கூண்டு’ ஏன் சரிவராது என்று சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், தம்பிலுவிலில் எங்கள் வளவின் பின்பக்கம், கிணற்றுக்கு அப்பால், இப்படியொன்று கட்டுவதற்குச் செங்கல் இறக்கி வைத்திருக்கிறோம். நாலடிக்கு நாலடி, ஆறடி உயரம். போன கிழமை மேசன் வந்தபோது “ஒரு புகைக்கூண்டு கட்ட வேணும்” என்றேன். அவர் நேரே குசினிக்குள் போய், அடுப்புக்கு மேலே கூரையை அண்ணாந்து பார்த்து அளவெடுக்கத் தொடங்கிவிட்டார். அவரில் பிழை இல்லை. எங்களுக்குப் புகைக்கூண்டு என்றால் புகையை வெளியே அனுப்புவது. இதுவோ புகையை உள்ளே வாங்கி, கொஞ்ச நேரம் தங்கவைத்து விடுவது. இரண்டும் நேரெதிரான வேலை.

‘புகையூட்டகம்’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் களஞ்சியத்தில் நெல்லுக்குப் பூச்சி விழாமல் மருந்துப் புகை கொடுப்பதையும் புகையூட்டல் என்றே எழுதுகிறோம். சாப்பிடுகிற பொருளுக்கும் அதே சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘புகைவீடு’ மொழிபெயர்ப்பாக நிற்கிறது, அவ்வளவுதான். ஆள் குடியிராத இடத்தை வீடு என்று சொல்லி எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை.

இனி வாடி. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையில் நடந்து பாருங்கள். கிடுகு வேய்ந்து, வலையும் எஞ்சினும் வைத்து, ஆள் படுத்தெழும்புகிற கொட்டிலுக்கு வாடி என்றுதான் பெயர். மீன் வெட்டி உப்புப் போடுவதும் கருவாடு காய்வதும் அதைச் சுற்றித்தான். மரம் விற்கும் இடம் மரவாடி. ஆக, ஒரு வேலைக்கென்று அமைத்த எளிய இடம் என்ற பொருள் அந்தச் சொல்லில் முன்பே இருக்கிறது. அதோடு ‘வாட்டு’ என்ற வினையும் காதில் வந்து தட்டுகிறது. இரண்டும் ஒரே வேரா என்பது வேறு கேள்வி. கேட்பவருக்கு ‘புகையில் வாட்டும் இடம்’ என்று தோன்றினால் எனக்கு அதுவே போதும்.

கோவை நண்பர், தமிழ்நாட்டில் ‘வாடி’ என்றால் பெண்ணை அழைப்பதாகக் கேட்குமே என்று தயங்கியிருந்தார். தனியாக நின்றால் அப்படிக் கேட்கலாம். கூட்டுச் சொல்லில் வராது. ஏறுதழுவலில் மாடு வெளியே பாய்கிற வாடிவாசலை அங்கே எவரும் அப்படிக் கேட்பதில்லையே.

சொல் ஒன்று கிடைத்தால் போதாது, உறுப்புகளுக்கும் வேண்டும். இதில் தீ ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். தாழ்வான இடத்தில் தீக்குழி. அங்கிருந்து மண்ணுக்குள் ஒரு பாதை ஓடி, வாடியின் அடியில் வந்து திறக்கும். அந்தப் பாதைக்குப் ‘புகைக்கால்’ என்பது என் முன்மொழிவு. தண்ணீர் ஓடுவது வாய்க்கால், புகை ஓடுவது புகைக்கால். மேசனிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “ஓ, தீ இங்க, வாடி அங்க, நடுவால கால் போகுது” என்று தானே மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். விளக்கப்படம் தேவைப்படவில்லை.

அப்புறம், இழையில் வந்த ‘குளிர்புகை’, ‘சுடுபுகை’ என்ற இணை. இரண்டாவது சரி, முதலாவது ஆபத்தானது. குளிர்நாட்டில் 30 பாகை செல்சியசுக்குக் கீழே புகையை வைத்திருந்து நாள்கணக்கில் இறைச்சிக்குப் போடுவார்கள். அதற்கு முன் உப்பிலும், இறைச்சி கெடாமல் சேர்க்கும் நைத்திரைற்றிலும் முறையாக ஊறவைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 30 பாகைக்கு மேல் போய்விடும். அந்தச் சூட்டில் வேகாத இறைச்சியைத் தொங்கவிட்டால் கிருமி பெருகுவதற்கு வாகாகிவிடும். ‘குளிர்’ என்ற சொல்லைப் பார்த்து, இது பாதுகாப்பான முறை என்று யாராவது நம்பிவிடக்கூடாது. உண்மையில் அது குளிர்ந்த புகையும் இல்லை, நீண்ட புகைக்காலில் வந்து ஆறிய புகை. ஆகவே ‘ஆறிய புகை’ என்றே எழுதுவோம். எங்கள் வளவில் போடப்போவது சுடுபுகைதான். கோழி என்றால் தடித்த இடத்தில் குத்திப் பார்த்து உள்ளே 74 பாகை வந்த பிறகே இறக்குவது.

விறகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ந்த கொய்யா போதும், தணல் குறைந்தால் பொச்சுமட்டை, அதாவது தேங்காய் மட்டை. பிசின் வடிகிற மரமும் பெயின்ற் அடித்த பலகையும் கூடாது. வேலியோரத்து அலரியை (அரளி) மறந்தும் வைக்க வேண்டாம், அது நஞ்சு.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று இந்த வேலைக்குள்ளேயே கிடைத்தது. உப்பிலிருந்து எடுத்த இறைச்சியைக் கழுவி, ஈ அண்டாமல் காற்றுப்பட வைத்தால், மேலே ஈரம் போய் மெல்லிய பளபளப்பு வரும். விரலால் தொட்டால் ஈரமாக இராது, இலேசாக ஒட்டும். புகை படிவது அந்தப் படலத்தில்தான். அது வருவதற்கு முன் உள்ளே வைத்தால் கரியும் நீரும் சேர்ந்து வழிந்து இறைச்சி கசக்கும். இந்தப் படலத்துக்கு ‘மென்படலம்’, ‘புறச்சவ்வு’ என்று இரண்டு சொற்கள் இங்கே வந்தன. எங்கள் மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆடை கட்டேல்ல, பொறு தம்பி” என்றார். பாலில் கட்டுவது போலவே. ‘ஆடை’, ‘ஆடை கட்டுதல்’. இதைவிட நல்ல சொல்லை நாங்கள் இருந்து ஆக்கிவிட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

வினைக்கு நான் ‘புகை போடு’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். குழி தோண்டி வாழைக்குலைக்குப் புகை போட்டுப் பழுக்க வைத்த எவருக்கும் அது விளங்கும். பேச்சுச் சொல் அகராதியில் ஏறலாமா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு எங்களுக்குக் கொஞ்சத் தூரம்தான். அந்த மண்ணில் இருந்துகொண்டு, வயலிலும் கடற்கரையிலும் புழங்குகிற சொல்லைத் தாழ்வாக எண்ண எனக்கு வராது.

ஒன்று மட்டும் முடியவில்லை. புகைக்காலின் வாயில் ஒரு தகடு இருக்கும். அதைத் தள்ளியும் இழுத்தும் புகையைக் கூட்டலாம், குறைக்கலாம். நான் ‘புகைமடை’ என்று குறித்திருக்கிறேன். வயல்காரர், வரப்பில் தண்ணீர் போக வெட்டும் வாய்க்குச் சொல்லும் ‘வக்கடை’ என்பதுதான் பொருத்தம் என்கிறார்கள், ஏனென்றால் அடிக்கடி வெட்டியும் கட்டியும் தண்ணீரை மட்டுப்படுத்துவது அங்கேதான். வெளியூர் வாசகருக்கு வக்கடை விளங்குமா? மேசன் திங்கட்கிழமை வருகிறார், அளவுகளோடு உறுப்புகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் சொல்லுங்கள்.