மறு: செல் டிரான்ஸ்பிளான்டேஷன்: ‘மாற்று’ வேண்டாம், ‘நடவு’ இருக்கிறது

அன்புடையீர், வணக்கம்.

பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் புதிய உயிரணுக்களை வைக்கும் ‘செல் டிரான்ஸ்பிளான்டேஷன்’ சிகிச்சைக்குத் தமிழில் ‘உயிரணு மாற்று’ என்ற சொல்லை நம் மடற்குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இந்நோயில், அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவது நடுமூளையில். புதிய அணுக்களை வைப்பதோ அந்த நரம்பணுக்களின் இழைகள் போய்ச் சேரும், மூளையின் உட்பகுதியான புட்டமனில். எடுப்பதும் இல்லை, எடுத்த இடத்தில் வைப்பதும் இல்லை. சிறுநீரகத்திலும் பழையதைப் பெரும்பாலும் எடுப்பதில்லையே என்று நம் மருத்துவர் அம்மா மடக்குவார். அங்கே சொல் ஊன்றிவிட்டது, விட்டுவிடுவோம். தவிர, ‘மாற்று மருத்துவம்’ என்ற வழக்கு இருக்கையில், ‘உயிரணு மாற்றுச் சிகிச்சை’யைப் படிப்பவர் அதைத் தொடுசிகிச்சை, மலர் மருந்து வரிசையில் வைத்துவிடுவார்.

‘நடவு’ என்பேன். வயல்வாடை அடிக்கிறது என்று போன மடலில் ஒருவர் முகம் சுளித்தார். ஆங்கிலச் சொல்லும் தோட்டத்திலிருந்து போனதுதானே! பொருத்தமும் மேலோட்டமானது அல்ல. 1987இல் சுவீடனின் லுண்ட் நகரில் வைத்தது கருவின் நடுமூளைத் திசு. 2018இல் கியோட்டோவில் தொடங்கிய ஆய்வில், ஐபிஎஸ் உயிரணுக்களிலிருந்து (உடலின் முதிர்ந்த உயிரணுக்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பியவை) ஆய்வகத்தில் வளர்த்தவற்றை வைத்தார்கள். அவையும் முதிர்ந்த நரம்பணுக்கள் அல்ல, இனிமேல் நரம்பணுவாக முதிரவேண்டிய முன்னோடி அணுக்கள். முதிர்ந்தவற்றை இடம்பெயர்த்தால் அவை பிழைப்பது அரிது. நாற்றங்காலில் விட்டு, இளசாகப் பறித்து, வேறிடத்தில் ஊன்றி, அங்கே முற்றவிடுவதற்கு நம்மிடம் வேறு என்ன பெயர்?

கிளைச்சொற்களும் தாமே வருகின்றன. நட்ட அணுக்கள் உயிர்பிடித்து இணைவதற்கு ‘வேர்பிடிப்பு’. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருத்திசு வைக்கப்பட்டவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு, மருந்தைக் குறைத்த பிறகும் கைகால்கள் தாமாகத் துள்ளின. அதை ‘நடவுவழி மிகையசைவு’ எனலாம். ‘மாற்றுவழி மிகையசைவு’ என்று சொல்லிப் பாருங்கள், வேறு பாதையில் போய் ஆடுவதுபோல் இருக்கிறது.

‘அணு நடவு’ என்று சுருக்க வேண்டாம், கூடங்குளம் நினைவுக்கு வரும். ‘செல் நடவு’ என்றால் எனக்குச் சண்டையில்லை. பள்ளிப் பாடநூலில் செல்தான். இலங்கை நண்பர்கள் ‘கல நடவு’ என்று எழுதுவார்கள், அதுவும் சரியே.

இனி, ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்பதற்கான அடைமொழி. ‘பரிசோதனைச் சிகிச்சை’ என்றால் இரத்தம் எடுப்பார்கள் என்று தோன்றும். ‘சோதனைச் சிகிச்சை’ என்றாலோ நோயாளிக்கு வந்த சோதனை ஆகிவிடும். ‘ஆய்வுநிலைச் சிகிச்சை’ என்று வைக்கலாம். கியோட்டோவில் நடவு பெற்றவர்கள் 7 பேர்தான். பலன் மதிப்பிடப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு மருந்து நிறுத்திய வேளையில் அசைவு மேம்பட்டது. 2025இல் வெளியான இந்த முடிவைச் செய்தியாக்கும்போது அந்த ‘நிலை’யை விட்டுவிட்டால் நோயாளி வீட்டார் மருத்துவமனை மருத்துவமனையாக அலைவார்கள்.

‘கிராஃப்ட்’ என்பதற்கான ‘ஒட்டு’ என்ற சொல்லைத் தோலுக்கே விட்டுவைக்கலாமா, நட்ட திசுவுக்கும் நீட்டலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அம்மா சொல்லட்டும்.