மீன்குஞ்சு இதயத்துல வோல்டேஜ் சாயம்: தெரியறது சிக்னலா இல்ல வெறும் ஆட்டமா?

சித்தூர்க்காரி

வணக்கம் மக்களே. நான் பாலக்காடு சித்தூர்ப் பக்கம், ஆந்திரா சித்தூர்னு நெனச்சு யாரும் தெலுங்குல மெசேஜ் பண்ணிராதீங்க. வேலந்தாவளம் வழியா பஸ்ஸேறி கோயமுத்தூர்ல ஒரு லேப்ல எம்எஸ்சி பிராஜெக்ட் பண்றேன். மூணு நாள் வயசு ஜீப்ராஃபிஷ் குஞ்சோட இதயத்த தனியா எடுத்து டை-4-அனெப்ஸ் சாயத்துல ஊற வெச்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லோட வோல்டேஜ் எப்டி மாறுதுன்னு வீடியோ எடுக்கணும், அதான் வேலை. மைக்ராஸ்கோப் பழைய மெர்குரி லேம்ப் போட்டது, கேமரா செகண்டுக்கு 15 ஃபிரேம்.

இப்ப என்னன்னா இதயம் நல்லா சிவப்பா மின்னுது, துடிக்கறப்ப வெளிச்சம் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறி எறங்குது, கிராஃப் போட்டா அழகா அலை அலையா வருது. நான் சந்தோஷமா கொண்டுபோய்க் காட்டுனா கைடு மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, "இது வோல்டேஜ்தான்னு எப்படிச் சொல்ற, இதயம் ஆடறதுனால வர்றதா இருந்தா?" பதில் சொல்லத் தெரியல. இன்னொண்ணு, அரைமணி நேரம் போனா செல்லுக்கு உள்ளயும் மின்ன ஆரம்பிச்சுருது, அலை சின்னதாயிருது. லேப் சேட்டன் இதெல்லாம் வேண்டாம் பேசாம செல்லுக்குள்ள கால்சியம் ஏறுறப்ப மின்னற கால்சியம் சாயம் போடுங்கறாரு. என்ன பண்றது?

மீனாட்சிபுரம்_பையன்

உங்க மேடம் கேட்டதுதாங்க சரியான கேள்வி. 20 சதவீதம்னு பாத்தவுடனே எனக்கும் சந்தேகம் வந்துருச்சு. இந்தச் சாயம் தண்ணில இருக்கறப்ப மின்னவே மின்னாது, மெம்பிரேன்ல, அதாவது செல்லோட வெளிச்சவ்வுல, போய் ஒட்டுனாத்தான் மின்னும். மெம்பிரேன் தடிமனே 4, 5 நானோமீட்டர்தான், அதுக்குக் குறுக்க 100 மில்லிவோல்ட் மாறுதுன்னா மீட்டருக்கு 2 கோடி வோல்ட்டுக்கு மேல வருது, அந்த மின்புலம் சாயத்தோட எலக்ட்ரான இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா தள்ளுது, அதுல அதோட ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த நிறத்துல எவ்ளோ மின்னுதுங்கறது, கொஞ்சம் நகருது. அவ்ளோதான் மேட்டர். எதுவும் உள்ள போகவோ வெளிய வரவோ வேண்டியதில்ல, அதனாலதான் வேகமா வேலை செய்யுது. ஆனா மாற்றம் ரொம்பச் சின்னது, நல்லா செஞ்சா 100 மில்லிவோல்ட்டுக்கு 10 சதவீதம் பக்கத்துல, முழு இதயத்துல பின்னணி வெளிச்சமெல்லாம் சேத்துப் பாத்தா இன்னும் கம்மி. 20 வருதுன்னா அதுல பெரும்பங்கு இதயம் சுருங்கறப்ப ஃபோகஸ் மாறுறதும் டிஷ்யூ ஓரம் பிக்சலுக்குள்ள வந்து போறதும்தான்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. 488 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் நீல லைட்ல தூண்டிட்டு வர்ற வெளிச்சத்த ரெண்டாப் பிரிங்க, பச்சை மஞ்சள் பக்கம் 550 சுத்தி ஒண்ணு, 640க்கு மேல சிவப்பு ஒண்ணு. செல் டீபோலரைஸ் ஆகறப்ப, அதாவது உள்பக்க வோல்டேஜ் ஏறறப்ப, பச்சைப் பக்கம் ஏறும், சிவப்பு எறங்கும். இதயம் ஆடறதா இருந்தா ரெண்டும் சேந்து ஏறும், சேந்து எறங்கும். ஒண்ண இன்னொண்ணால வகுத்தீங்கன்னா ஆட்டம் பெரும்பாலும் கழிஞ்சுரும், மிச்சம் நிக்கறதுதான் வோல்டேஜ். ரெண்டு ஃபில்டர் இல்லாட்டி இதயத்த நிறுத்திட்டுப் பாருங்க, பிளெபிஸ்டாட்டின் போட்டா சுருங்கறது நிக்கும் ஆனா மின்துடிப்பு தொடர்ந்து ஓடும். அப்பவும் அலை வருதுன்னா மேடத்துகிட்ட தைரியமாப் போங்க. ஒரே எச்சரிக்கை, பிளெபிஸ்டாட்டின் நீல வெளிச்சத்துல கெட்டுப்போகும், செல்லுக்கும் விஷமாகும். அதோட சேத்து எடுக்கறப்ப 530 பச்சை லைட்ல தூண்டுங்க, அனெப்ஸ் அதுலயும் மின்னும்.

உள்ள மின்னறது சகஜம், டை-4 மெல்ல மெல்ல செல்லுக்குள்ள போயிரும். உள்ள போனது வெளி மெம்பிரேன் வோல்டேஜ பாக்காது, சும்மா பின்னணிய ஏத்தும், அலை சின்னதாத் தெரியும். டை-8-அனெப்ஸ் கொழுப்புவால் நீளமானது, இன்னும் ரொம்ப நேரம் வெளிய நிக்கும், ஆனா செல்லுல ஏத்தறது கஷ்டம், ப்ளூரோனிக்னு சாயத்தக் கரைய வெக்கற சோப்பு மாதிரிப் பொருள் சேக்க வேண்டியிருக்கும்.

நெம்மாற_வேல

மேல சொன்னதெல்லாம் சரி ஆனா அந்தக் கேமராவப் பத்தி யாருமே பேசலயே. 15 ஃபிரேம்னா ஒரு ஃபிரேம் 66 மில்லிசெகண்ட். குஞ்சு இதயம் செகண்டுக்கு ரெண்டு மூணு தடவை துடிக்குது, ஒரு ஆக்‌ஷன் பொட்டென்ஷியல்ல, அதாவது ஒரு துடிப்போட மின் ஏத்த எறக்கத்துல, உங்களுக்கு ரெண்டு மூணு புள்ளி கிடைச்சா பெருசு. துடிப்பு வருதா இல்லையான்னு சொல்லலாம், ஏத்தம் எவ்ளோ வேகம், எந்தப் பக்கத்துலருந்து எந்தப் பக்கம் பரவுதுன்னெல்லாம் மூச்சு விடக் கூடாது. அதுக்கு 200, 500 ஃபிரேமாவது வேணும்.

ஃபிரேம ஏத்துனா அடுத்த தலைவலி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கற ஃபோட்டான், அதாவது வெளிச்சத் துணுக்கு, கொறையும். ஒரு பிக்சல்ல 100 ஃபோட்டான் வந்தா அதுல தன்னால வர்ற இரைச்சலே 10, அதாவது 10 சதவீதம். நீங்க தேடறது 3 சதவீத மாற்றம். பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்கு நடுவுல நின்னு எவனோ குசுகுசுன்னு பேசறதக் கேக்கற கதைதான். 10,000 ஃபோட்டான் வந்தா இரைச்சல் 1 சதவீதம், அப்ப தெரியும். அதனால பக்கத்துப் பக்கத்து பிக்சல்கள ஒண்ணாச் சேத்து எடுங்க (பின்னிங்), படம் அழகா இருக்கணும்னு பாக்காதீங்க. நல்ல நியூமெரிக்கல் அப்பர்ச்சர் உள்ள, அதாவது வெளிச்சத்த அதிகமா வாங்கற, லென்ஸ் போடுங்க. லைட்ட மட்டும் கண்டபடி ஏத்துனீங்கன்னா சாயம் வெளுத்துரும், செல்லும் சாகும்.

அப்புறம் மெர்குரி லேம்ப். நம்ம ஊர் கரண்ட் லட்சணம் எல்லாருக்கும் தெரியும், லேம்ப்புக்குள்ள எரியற மின்பொறியும் (ஆர்க்) அலையும். இதயத்த எடுத்துட்டு மின்னற பிளாஸ்டிக் துண்டு ஒண்ண வெச்சு அதே செட்டிங்ல அரை நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. அதுலயும் 2, 3 சதவீதம் ஆடுச்சுன்னா இதயத்தப் பத்திப் பேச வேண்டியதே இல்ல, லேம்ப்பத்தான் பேசணும். எல்ஈடி கிடைச்சா மாத்திருங்க.

பழைய_வாத்தியார்

அம்மிணி, அவசரப்பட்டுக் கால்சியத்துக்குப் போயிராத. லாரி கோஹன்ங்கற விஞ்ஞானியோட குழு 1968ல சாயமே இல்லாம ஸ்க்விட் (கணவாய்) நரம்புல ஒளிச்சிதறல் மாறுறதப் பாத்தாங்க, அப்புறம் நூத்துக்கணக்குல சாயத்தப் போட்டுப் போட்டுச் சலிச்சு, 1973ல மெரோசயனின்ங்கற சாயம் வெச்சு அட்டை நரம்புசெல் ஒவ்வொண்ணாத் துடிக்கறத வெளிச்சத்துலயே படிச்சாங்க. அனெப்ஸ் குடும்பம் 80கள்ல லெஸ்லி லோவ் ஆளுங்க செஞ்சது. இத்தன வருஷமாவும் சண்டை ஒண்ணுதான், சின்ன மாற்றத்த எப்படிப் பெரிய வெளிச்சத்துலருந்து பிரிக்கறதுன்னு. 2012ல ராஜர் சியனும் ஈவன் மில்லரும் கொண்டாந்த வோல்டேஜ்ஃப்ளோர் சாயம் 100 மில்லிவோல்ட்டுக்கு 27 சதவீதம் வரைக்கும் குடுக்குது, அது கிடைக்கற வழியிருந்தா கைடுகிட்ட கேட்டுப்பாரு.

கால்சியம் சாயம், ஃப்ளுவோ-4 மாதிரி, பல மடங்கு மின்னும், உங்க 15 ஃபிரேம் கேமராலயும் ஓரளவு தெரியும், மறுக்கல. ஆனா அது காட்டறது வோல்டேஜ் இல்ல, வோல்டேஜுக்குப் பின்னால வர்றது. ஏத்தமும் எறக்கமும் மெதுவா இருக்கும். உன் தலைப்புல வோல்டேஜ்னு இருந்தா பரீட்சையில அங்கதான் புடிப்பாங்க.

கை பழகணும்னா உங்க சித்தூர்ப் பக்கம் குளம் ஏரியில காரா பாசி இருக்கும், கையில கசக்குனா பூண்டு நாத்தம் அடிக்கும், சுண்ணாம்பு படிஞ்சு நறநறங்கும். ஒரு செல்லே சில சென்டிமீட்டர் நீளம். அதுவும் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் அடிக்கும், ஆனா பல செகண்ட் நீளும், ஆடாது அசையாது. அடிச்சவுடனே உள்ள ஓடிட்டிருக்கற சைட்டோபிளாசம், அதாவது செல்லுக்குள்ள இருக்கற கூழ், டக்குனு நின்னுரும், சாயமே இல்லாம சாதா மைக்ராஸ்கோப்புலயே பாக்கலாம். கோல், கர்டிஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1938ல இதோட சொந்தக்காரப் பாசி நைடெல்லாலதான் ஆராய்ச்சி பண்ணாங்க.

மீனாட்சிபுரம்_பையன்

சார் காரா ஐடியா சூப்பர், ஆனா அதுல அனெப்ஸ் போட வேண்டாம்னு நெனைக்கறேன். குளோரோபில்லே 680 பக்கம் செக்கச்செவேல்னு மின்னும், சிவப்பு சேனல் மொத்தமும் அதாலயே நெறஞ்சுரும், செல்சுவர் வேற குறுக்க நிக்கும். காராவ ஓட்டம் நிக்கறதப் பாக்க மட்டும் வெச்சுக்கலாம்.

சித்தூர்க்காரி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். லேம்ப் டெஸ்ட் இன்னைக்கே போட்டேன், பிளாஸ்டிக் துண்டுலயே வெளிச்சம் நல்லா ஆடுது, மேடம் பாத்துட்டு பக்கத்து லேப் எல்ஈடி கேட்டு வாங்கித் தர்றேன்னுட்டாங்க. பிளெபிஸ்டாட்டின் ஆர்டர் போட்டா எப்ப வருமோ தெரியல. அது வர்றதுக்குள்ள ரெண்டு சேனல் டெஸ்ட் பண்ணலாம்னா கேமரா ஒண்ணுதான இருக்கு, ஒரு துடிப்புக்குப் பச்சை, அடுத்த துடிப்புக்குச் சிவப்புன்னு ஃபில்டர மாத்தி எடுத்தா ஒத்துக்குவாங்களா?

நெம்மாற_வேல

ஃபில்டர் வீல் வேகமா இல்லாட்டி வேண்டாம் தங்கச்சி, ரெண்டு துடிப்பும் ஒண்ணு மாதிரி இருக்காது. இமேஜ் ஸ்ப்ளிட்டர்னு ஒரு பெட்டி இருக்கு, ஒரே கேமரா சிப்புல பாதிக்குப் பச்சையும் பாதிக்குச் சிவப்பும் ஒரே நேரத்துல விழ வெக்கும், எல்ஈடி கேக்கப் போறப்ப அதையும் சேத்துக் கேட்டுப் பாரு. அப்புறம் இதயம் வெச்சிருக்கற தண்ணி 28.5 டிகிரில நிக்குதான்னும் பாத்துக்க, ஏசி ரூம்ல அது ஆறிருச்சுன்னா துடிப்பு மெதுவாயிரும், அப்புறம் ஒரு நாள் எடுத்தத இன்னொரு நாளோட ஒப்பிட முடியாது.